மேல்மலைக்கு ஏறிய கம்ப்யூட்டர்கள்

மலர்க் குழு நண்பர்கள் போனில் அழைத்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, நாலு பக்கம் வந்தாப் போதும்" என்றபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். சாம்பாரும் அப்படியேதான் இருக்கிறது என்று கேள்வி. எனவே இந்த முறை கொஞ்சம் சரித்திரம். நான் சரித்திரம் படித்தவன் அல்ல, சர்க்யூட் போர்டைப் பார்த்துப் பிழைப்பவன். பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

காரணம் ஒன்று உண்டு. போன வருஷம் ஒரு வேலையாகக் கல்லூரிக்கு வந்திருந்தேன். கேன்டீனில் முதலாண்டு மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் அவரும் எங்கள் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் என்று தெரிந்தது. பூண்டு விலை, பஸ் நேரம் எல்லாம் பேசி முடித்தபின், "ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேப் எல்லாம் எப்படி?" என்று கேட்டேன். "லேப் இருந்துச்சுண்ணே. பூட்டித்தான் இருந்துச்சு" என்றார்.

சுருக்கென்றது. 2007-ல் இதே கேன்டீனில் ஒரு சீனியர் என்னைக் கேட்டபோது, நானும் ஏறக்குறைய இதே பதிலைத்தான் சொன்னேன். இடையில் எத்தனை திட்டங்கள், எத்தனை கம்பெனிகள், எத்தனை கோடிகள்! பூட்டு மட்டும் மாறவில்லையே, ஏன்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

மலைக்கு இயந்திரம் ஏறுவது ஒன்றும் புதிதல்ல. சென்னையில் இருந்த வானாய்வு வேலை 1899-ல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. சூரியனைப் படம் பிடிக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி 1904-ல் வந்து சேர்ந்தது. செய்தது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி. அன்றைக்கு மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. பழுதானால் கேம்பிரிட்ஜிலிருந்து ஆள் வரப்போவதும் இல்லை. கப்பலில் கடிதம் போய் வரவே வாரக்கணக்கில் ஆகும். 1907-ல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட் என்ன செய்தார்? கருவியைப் பிரித்துப் பூட்டி, திருத்தி ஓட்டினார். 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறது. 1911 வாக்கில் இரண்டாவது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் ஒன்றை மலையிலேயே செய்துவிட்டார்! நூறு வருஷத்துக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருப்பதற்குப் பனியும் வெயிலும் மட்டும் காரணமல்ல. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த ஆள் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தார். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் கேம்பிரிட்ஜிலிருந்துதான். வேடிக்கையான பொருத்தம்! 1981 டிசம்பரில் ஏகார்ன் என்ற சின்னக் கம்பெனி 'பி.பி.சி. மைக்ரோ'வை வெளியிட்டது. 8-பிட் பிராசஸர், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கிலோபைட். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் ஒரு போட்டோவுக்கே அதைவிட நூறு மடங்கு இடம் வேண்டும். ஆனாலும் அது பிரிட்டிஷ் பள்ளிகளைப் பிடித்துக்கொண்டது. உள்நாட்டு மெஷின் வாங்கும் பள்ளிகளுக்கு அந்த அரசாங்கம் பாதி விலையைக் கொடுத்தது. ஏகார்ன் வேண்டாமென்றால் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ரிசர்ச் மெஷின்ஸ் கம்பெனியின் 380இசட் வாங்கலாம். பி.பி.சி. டெலிவிஷனில் பாடம் நடத்தியது. பழுதானால் பக்கத்து ஊர் டீலர் இருந்தார். கம்பெனியும் பள்ளியும் ஒரே ஊர்ப் பேச்சு பேசின.

1984-ல் நமது மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இதே பி.பி.சி. மைக்ரோவைத்தான் தேர்ந்தெடுத்தது. முதலில் சுமார் 250 பள்ளிகள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். சண்டிகர் அருகே இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதே மெஷினை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே தயாரிக்கவும் செய்தது. (1989-ல் அந்த நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீயில் எரிந்தது தனிக் கதை. எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சோகக் கதை.) பராமரிப்புப் பொறுப்பு சி.எம்.சி.யிடம்.

இந்த சி.எம்.சி.யைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன் என்பது அதன் பழைய பெயர். பராமரிப்பையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு கம்பெனி! 1975-ல் அரசு தொடங்கியது. 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனபோது, அது விட்டுச்சென்ற பெரிய பெரிய மெஷின்களையெல்லாம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டது இவர்கள்தான். ரயில்வே ரிசர்வேஷனைக் கம்ப்யூட்டர் மயமாக்கியதும் அவர்கள்தான். 2001-ல் அது டாடா கைக்குப் போயிற்று. 2015-ல் டி.சி.எஸ்.ஸில் கரைந்தது. திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெருநகரத்து ரிசர்வேஷன் சென்டரில் பத்து நிமிஷம் மெஷின் நின்றால் பேப்பரில் செய்தி வரும். மூலையில் ஒரு பள்ளியில் பத்து மாதம் நின்றால் யாருக்குத் தெரியும்? மெஷின்களும் சீக்கிரமே பழசாகிப் போயின. உலகம் ஐ.பி.எம். பி.சி. பக்கம் சாய்ந்துவிட்டது.

நமது மாநிலத்தில் பெரிய அளவில் வேலை நடந்தது 1999-2000-ல். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி என்று அரசு முடிவெடுத்து, எல்காட் வழியாகத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்பந்தம் விட்டது. என்.ஐ.ஐ.டி. மட்டுமே 371 பள்ளிகளை எடுத்தது. ஏற்பாடு இதுதான். கம்பெனி மெஷினைக் கொண்டுவந்து வைக்கும், வாத்தியாரையும் அதுவே போடும், பழுது பார்ப்பதும் அதன் பொறுப்பு. அரசு தவணையாகப் பணம் தரும். ஒப்பந்தம் முடிந்ததும் மெஷின் பள்ளிக்குச் சொந்தம். பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் வெளியாட்களுக்குக் கட்டண வகுப்பு நடத்திக்கொள்ளவும் இடம் இருந்தது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ அது நல்ல யோசனை. மேல்மலையில் சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்களா, கட்டண வகுப்புக்கு வருவார்களா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டம் வந்திராவிட்டால் என்னைப் போன்ற பூண்டுக் காட்டுப் பையன் பதினைந்து வயதில் கீபோர்டைத் தொட்டிருக்க மாட்டான். கம்பெனிக்காரர்களைத் திட்டுவது சுலபம். கொடைக்கானலுக்கும் அப்பால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், பனியில் ஈரம் சொட்டும் ஒரு வகுப்பறையில் பத்து கம்ப்யூட்டரை இறக்கி ஓட்டிக் காட்டினார்களே, அது சாதாரணமில்லை. முதல் நாள் மானிட்டர் வெளிச்சத்தில் எங்கள் முகமெல்லாம் நீலமாகத் தெரிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் பிளஸ் டூ படித்தது 2006-07. எங்கள் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ், சி பிளஸ் பிளஸ். தியரிக்கு 150 மார்க், பிராக்டிகலுக்கு 50. தீபாவளி முடிந்து பள்ளி திறந்தபோது பத்தில் ஆறு மெஷின் ஆன் ஆகவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கம்பெனி ஆள் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. எங்கள் கம்ப்யூட்டர் சாரும் அதே கம்பெனி சம்பளம் வாங்குபவர்தான். ஆனாலும் ஸ்டிக்கரைத் தொட அவருக்கே அதிகாரம் இல்லை. கம்பெனிக்கு போன் போட்டார். போன் என்றால், ஸ்கூலில் லைன் செத்துக் கிடந்ததால் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோய், சொந்தக் காசில். (கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். யாராயிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.)

ஐந்து வாரம் கழித்து சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். பாவம், சின்ன வயசு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. திறந்து பார்த்து, ஆறுக்கும் 'மதர்போர்டு பழுது' என்று எழுதிக்கொண்டு மதிய பஸ்ஸில் இறங்கிவிட்டார். போர்டு வரவில்லை. பிராக்டிகல் பரீட்சை வந்துவிட்டது. நாலு மெஷினில் பேட்ச் பேட்சாக, இருட்டும் வரை எழுதினோம். எனக்கு மின்வெட்டு வந்து புரோகிராம் அழிந்து, மறுபடி அடிக்க நேரம் கிடைத்தது. என் பெஞ்சில் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த எஞ்சினியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமவெளியில் ஒரே நாளில் நாலு பள்ளிக்குப் போய்விடலாம். எங்களுக்காக ஒரு முழு நாள், ஒரு ராத்திரி. எந்த மேனேஜர் கணக்குப் போட்டாலும் மேல்மலை கடைசியில்தான் வரும்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒப்பந்தம் முடிந்து மெஷின்கள் பள்ளிக்குச் சொந்தமாயின. சார் முதல் வேலையாக ஸ்டிக்கரைக் கிழித்தார். ஒரு சிபியூவைச் சாக்கில் கட்டி என் தலையில் ஏற்றி, இருவருமாக மலையிறங்கி வத்தலக்குண்டு போனோம். அங்கே டி.வி., டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடை. கடைக்கார அண்ணன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இங்க பாரு. இந்த கெப்பாசிட்டர் எல்லாம் அப்பளம் மாதிரி உப்பியிருக்கா?"

உப்பித்தான் இருந்தது. ஏழெட்டு கெப்பாசிட்டர்கள், சிலவற்றின் தலை வெடித்துப் பழுப்பாகக் கசிந்திருந்தது. அரை மணியில் கழற்றி, புதிதாக வைத்து சால்டர் செய்தார். மெஷின் உயிர்பெற்றது. ஒன்று ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கணக்கில் சாமான். கூலி வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

அது எங்கள் ஊர் ராசி என்று அன்று நினைத்தேன். கல்லூரிக்கு வந்து, பிறகு தொழிலுக்கு வந்தபின்தான் விஷயம் தெரிந்தது. 1999-லிருந்து 2007 வரை உலகம் முழுக்க மதர்போர்டுகளை வாட்டிய வியாதி அது. தரமில்லாத எலெக்ட்ரோலைட் ஊற்றிய கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் தைவானிலிருந்து வந்து, பெரிய பெரிய பிராண்டுகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து உப்பி வெடிக்கும். அமெரிக்காவில் டெல் கம்பெனியே இதற்காக 2005-ல் முப்பது கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அவர்களுடைய வழி, போர்டையே மாற்றுவது. எங்கள் கம்பெனி வழியும் அதுதான். பார்ட் வரும்வரை காத்திரு. கடை அண்ணன் வழி வேறு. எது செத்ததோ அதை மட்டும் மாற்று. எங்கள் ஆறு மெஷினில் ஐந்து அப்படித்தான் திரும்பி வந்தன. என் பெஞ்சுக்காரனுக்குத்தான் ஆறு மாதம் தாமதம்.

வாத்தியார்கள் கதையையும் சொல்லாமல் விடக்கூடாது. கம்பெனிகள் நியமித்த கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் சொற்பச் சம்பளத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தார்கள். பிறகு அரசே அவர்களை எடுத்துக்கொள்ள முன்வந்து 2008-ல் சிறப்புத் தேர்வு வைத்தது. வழக்கு மேல் வழக்கு. முடிவில் 2013-ல் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். மெஷினுக்கு ஒப்பந்தம் முடிந்தால் அதைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிடலாம். மனுஷனை யாரிடம் ஒப்படைப்பது? எங்கள் சார் அதற்கு முன்பே விலகி, அடிவாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டார். இப்போதும் தேன்கூடு மாதிரி ஒயர்கள் தொங்கும் அந்தக் கடையில் மேல்மலைப் பள்ளிகளின் பிரின்டர் ஏதாவது ஒன்று திறந்து கிடக்கும்.

அடுத்து லேப்டாப் காலம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். கொள்முதல் வழக்கம்போல எல்காட். விண்டோஸோடு நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மெஷின் பள்ளியைவிட்டு வீட்டுக்குப் போனது பெரிய மாற்றம்தான். என் தங்கை தன் லேப்டாப்பில் அப்பாவின் பூண்டுக் கணக்கு முழுவதையும் போட்டு வைத்தாள். ஆனால் லேப்டாப் போர்டு சாமானியக் கடையில் பிரித்து மேயக்கூடியதல்ல. பழுதானால் அதைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் மலையிறங்கினார்கள். சிலது திரும்பி ஏறவே இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் என்ன செய்தார்கள்? 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் சாதாரண ஆசிரியர்களையே பழக்கினார்கள். கணக்கு டீச்சர், மலையாளம் டீச்சர் எல்லாரும். கட்டற்ற மென்பொருளை எடுத்துத் தங்களுக்குத் தகுந்தபடி மாற்றி எல்லாப் பள்ளிக்கும் ஒன்றாகக் கொடுத்தார்கள். 2017-ல் அதையே 'கைட்' என்று அரசு கம்பெனியாக்கினார்கள். நாம் கம்பெனியைப் பள்ளிக்குக் கூட்டி வந்தோம், அவர்கள் பள்ளிக்காரர்களையே கம்பெனியாக்கிவிட்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2019 வாக்கில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்று அரசு இறங்கியது. 2023-ல் மேலும் 8,209 லேப்கள், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட ஆர்டரைக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் பெற்றது. மெஷின்கள் நல்ல மெஷின்கள். புகார் எண், ஆன்லைன் டிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைப் புரட்டிப் போட்டபோது மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் டிக்கெட்டை எங்கிருந்து போடுவது? 2020-ல் பள்ளிகள் மூடியபோது சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறிய பிள்ளைகளை எங்கள் ஊரிலேயே பார்த்தேன்.

'உள்ளூர்க் கம்பெனி' என்றால் எது என்று இப்போது என்னைக் கேட்டால், தலைமையகம் எங்கே என்று பார்க்க மாட்டேன். காலை பஸ்ஸில் ஏறி, வேலை முடித்து, அதே நாள் திரும்பக்கூடிய தூரத்தில் சால்டரிங் அயர்ன் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஒப்பந்தப் பேப்பரில் அந்தக் கடைக்கு இடமே கிடையாது. டெண்டர் போட அண்ணனிடம் டர்ன்ஓவர் சர்டிபிகேட்டுக்கு எங்கே போவது? இப்போது அவர் கடையில் பாதிக்குமேல் மொபைல் கவர்தான் தொங்குகிறது. பள்ளி மெஷின் போனால் மட்டும் பழக்கத்துக்காகப் பார்த்துக் கொடுக்கிறார்.

கேன்டீனில் பார்த்த அந்தத் தம்பியின் பள்ளிக்குப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் பேட்ச்மேட் இருவரும் போனோம். தலைமையாசிரியர் பெரிய மனதோடு அனுமதி கொடுத்து, தானே வந்து பூட்டைத் திறந்தார். திட்டக் கணக்கிலிருந்து கழித்துவிட்ட பழைய மெஷின்கள் ஒன்பது. இரண்டில் மெமரி கார்டின் பல்லை அழி ரப்பரால் தேய்த்துச் செருகியதும் ஓடின. மலை ஈரத்துக்கு அதுதான் கைமருந்து. ஒன்றில் எலி குடித்தனம் நடத்தி, ஒயரையெல்லாம் தீர்த்துவிட்டது. மூன்றுக்கு பவர் சப்ளை போய்விட்டது. மீதி மூன்றை இன்னும் திறக்கவில்லை, நாலரை பஸ் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் கூடவே நின்று ஸ்க்ரூவைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண், அடுத்த தடவை தானே திறப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

பவர் சப்ளை மூன்றும் கோயம்புத்தூரில் வாங்கி என் காரில் கிடக்கின்றன. ரீயூனியன் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே கிளம்புகிறோம். வண்டியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டு வரவும். வாந்தி வருமென்றால் முன்சீட் தருகிறோம்.